இக்னிஷன் காயில் சக்தி தருவதில்லை: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் காயில் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் மமாக் கடை மேசையில் கூடினால், பேச்சு எப்படியும் இக்னிஷன் காயிலில் வந்து நிற்கும். பெரிய காயில் மாட்டினால் குதிரைத்திறன் கூடும் என்பார் ஒருவர். இன்ஜின் திணறினால் வேறெதையும் பார்க்காமல் காயிலை மாற்றிவிடு என்பார் இன்னொருவர். இரண்டு யோசனைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்: காயில் என்பது இன்ஜினுக்குச் சக்தியை வழங்கும் பொருள் என்பது. காயில் உண்மையில் என்ன செய்கிறது என்பது விளங்கிவிட்டால், எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டியதில்லை, வீட்டு முன்றிலிலேயே வேலையை எப்படி முடிக்கலாம் என்பவற்றில் பெரும்பகுதி தானாகவே தெளிவாகிவிடும்.

12 வோல்ட் எப்படிப் பல்லாயிரம் ஆகிறது

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டும்போது உண்டாவதே தீப்பொறி. அழுத்தத்தில் இருக்கும் கலவையின் ஊடாக அப்படித் தாண்டுவதற்குப் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 வோல்ட் வரை தேவைப்படும். காரின் பாட்டரியோ 12 வோல்ட்தான் தருகிறது. இந்தப் பெரிய வித்தியாசத்தை நிரப்புவதே காயிலின் வேலை.

சலவை இயந்திரம் நீர் பிடித்து முடிந்ததும் அதன் வால்வு சட்டென்று மூடும்போது, சுவருக்குள் இருக்கும் குழாய் "தொம்" என்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். வேகமாக ஓடிக்கொண்டிருந்த நீரைத் திடீரென்று தடுத்துவிட்டதால், அதன் வேகம் முழுவதும் அந்த ஒரு நொடியில் அழுத்தமாக மாறிவிடுகிறது. தொட்டியிலிருந்து வரும் சாதாரண அழுத்தத்தைவிட அது மிக அதிகம். வால்வு திறந்து நீர் ஓடத் தொடங்கியபோது எந்தச் சத்தமும் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடி விழுவது மூடும்போதுதான்.

காயிலிலும் நடப்பது இதுவே. ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி, சற்றுத் தடித்த செப்புக் கம்பி குறைந்த எண்ணிக்கையில் சுற்றப்பட்டிருக்கும். இது முதன்மைச் சுருள். அதனுடன் சேர்ந்தே, மயிரிழை போன்ற மெல்லிய கம்பி ஏறக்குறைய 100 மடங்கு அதிகச் சுற்றுகளோடு சுற்றப்பட்டிருக்கும். இது துணைச் சுருள். முதன்மைச் சுருளில் 12 வோல்ட்டை இணைத்தவுடன் மின்னோட்டம் முழு அளவுக்குப் பாய்ந்துவிடுவதில்லை. சில மில்லிசெகண்டுகளில் படிப்படியாக ஏறுகிறது. அது ஏற ஏற உள்ளகத்தில் காந்தப்புலம் வலுக்கிறது. சரியான தருணத்தில் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் அந்தக் காந்தப்புலம் சரிகிறது. சரியும் புலம் முதன்மைச் சுருளிலேயே சில நூறு வோல்ட்டைக் கிளப்பிவிடும். துணைச் சுருளில் சுற்றுகள் 100 மடங்கு என்பதால் அங்கே அது பல்லாயிரம் வோல்ட்டாக எழுகிறது. ஆகவே பொறி பிறப்பது மின்சாரத்தைக் கொடுக்கும்போது அல்ல, நிறுத்தும்போது.

மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய பாட்டரி இக்னிஷன் முறை 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்தது. அன்றைக்கு மின்னோட்டத்தைத் துண்டித்தது ஒரு சிறிய உலோகத் தொடுமுனை. இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது இக்னைட்டர் எனப்படும் டிரான்சிஸ்டர் சுவிட்ச். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை இன்ஜினின் கணினி சொல்கிறது. மற்றபடி நூறு ஆண்டுகளில் அடிப்படை மாறவே இல்லை.

சுருங்கச் சொன்னால், காயில் பாட்டரியிடமிருந்து சிறிதளவு ஆற்றலை வாங்கிக் காந்தப்புலமாக வைத்திருந்து, துண்டிக்கப்படும் கணத்தில் அதையே உயர் வோல்ட்டாகத் திருப்பிக் கொடுக்கிறது. புதிதாக எந்தச் சக்தியையும் அது உண்டாக்குவதில்லை.

கேட்ட அளவுக்கு மேல் காயில் கொடுப்பதில்லை

காயில் பெட்டியின் மேல் 40,000 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், ஒவ்வொரு பொறியும் 40,000 வோல்ட்டில் அடிக்கிறது என்று பொருள் இல்லை. துணைச் சுருளில் வோல்ட் ஏறிக்கொண்டே போகும்; பிளக்கின் இடைவெளி எந்த அளவில் தாண்டப்படுகிறதோ, ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். 14,000-இல் பொறி பாய்ந்துவிட்டால் மீதியைக் காயில் எட்டுவதே இல்லை. குழாயிலும், எங்கே நீர் வெளியேற வழி கிடைக்கிறதோ அதற்கு மேல் அழுத்தம் ஏறாது அல்லவா? எனவே சீரான நிலையில் இருக்கும் இன்ஜினில், கலவை ஏற்கெனவே ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கும்போது, அதிகத் திறனுள்ள காயில் மாட்டினாலும் குதிரைத்திறன் ஏறாது. டர்போ அழுத்தத்தைப் பெருமளவு கூட்டியிருப்பவர்களுக்கு மட்டுமே அது உண்மையான தேவை. அவர்களும் காயிலுக்கு மின்னேற்றும் நேரத்தைக் கணினியில் திருத்தியாக வேண்டும். இல்லையென்றால் புதுக் காயில் ஒன்று அரைகுறையாக ஏறும், அல்லது சூடேறிக் கருகும்.

கேட்கும் அளவை எவை நிர்ணயிக்கின்றன? பிளக்கின் இடைவெளி எவ்வளவு அகலம், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு, கலவை எவ்வளவு மெலிந்தது (அதாவது பெட்ரோல் குறைந்தது) என்பவையே முக்கியம். இந்த மூன்றையும் மனத்தில் வைத்தால், பட்டறைப் போர்மன்களே சில நேரம் குழம்பும் ஒரு விஷயம் எளிதாகப் புரியும். ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எந்தக் குறையும் காட்டாத கார், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் உதறும். நெரிசலில் சிலிண்டருக்குள் குறைந்த காற்றுதான் போகிறது, அழுத்தம் குறைவு, சோர்ந்த காயிலுக்கும் அந்த அளவு வோல்ட் எட்டிவிடும். மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் சிலிண்டர் நிறையக் காற்றை வாங்குகிறது, அழுத்தம் உயர்கிறது, தேவைப்படும் வோல்ட்டும் உயர்கிறது. அதைக் காயிலால் எட்ட முடியாதபோது கலவை பற்றாமலேயே வெளியேறுகிறது. இப்படிப் பற்றத் தவறுவதைத்தான் மிஸ்ஃபயர் என்கிறோம்.

காயில் ஏன் சோர்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பிளக்கின் முனை ஒவ்வொரு பொறியிலும் அணுவணுவாகத் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி அகலும். இடைவெளி அகல அகலக் காயில் எட்ட வேண்டிய வோல்ட் ஏறும். அந்த உயர் வோல்ட்டை அடக்கிவைத்திருப்பது சுருள்களுக்கு இடையே ஊற்றப்பட்ட பிசினும் கம்பியின் மேல் உள்ள மெல்லிய பூச்சும்தான். இன்ஜின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்த பிசினில் மயிரிழை விரிசல் விழுந்தால், மின்சாரம் பிளக்கைத் தேடிப் போகாமல் அந்த விரிசல் வழியே கசிந்துவிடும். நம் ஊர் வெயிலும் நெரிசலும் பொனட்டுக்குக் கீழே சேர்க்கும் சூடும், மாலை மழையின் ஈரமும் இதற்குத் துணைபோகின்றன. என் கணிப்பில், வீணாய்ப் போன காயில்களில் கணிசமானவற்றைக் கொன்றது காலம் கடந்தும் மாற்றப்படாத பிளக். காயிலை மாற்றிவிட்டுப் பழைய பிளக்கையே திரும்ப மாட்டுவது, புதுக் காயிலுக்கும் அதே கதியைத் தேடித்தருவதாகும்.

ஒரே காயிலா, சிலிண்டருக்கு ஒன்றா

காயில் மின்னேறுவதற்கு நேரம் வேண்டும் என்று பார்த்தோம். அந்த நேரம் எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டால், கார் நிறுவனங்கள் ஏன் காயில்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போயின என்பது விளங்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பற்றுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது நொடிக்கு 50 முறை. நான்குக்கும் சேர்த்து 200 முறை. எல்லாவற்றையும் ஒரே காயில் கவனித்து, டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் சுழலும் கருவி வழியே பங்கிட்டுக் கொடுக்கும் பழைய முறையில், பொறிக்குப் பொறி இருக்கும் நேரம் 5 மில்லிசெகண்ட் மட்டுமே.

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்று 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும், மற்றொன்று 2, 3 ஆகியவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொறி தரும். இணையில் ஒன்று பற்றும் நிலையில் இருக்கும்போது மற்றொன்று புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அங்கே அடிக்கும் பொறி வீண்தான், ஆனால் தீங்கில்லை. இந்த அமைப்பில் ஒரு காயில் போனால் ஒரு சிலிண்டர் அல்ல, இரண்டு சிலிண்டர்கள் அடங்கிவிடும் என்பது நோயைக் கண்டறிய உதவும் குறிப்பு. ஹோண்டா எஸ்2000 போன்றவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் நேராக அமர்ந்திருக்கிறது. 9,000 சுற்றிலும் ஒவ்வொன்றுக்கும் 13 மில்லிசெகண்டுக்கு மேல் கிடைக்கிறது.

மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 தனிக் கதை. 2003 முதல் 2012 வரை வந்த அந்தக் காரின் ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் இல்லை. இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னோடி, பின்னோடி என்று இரண்டு பிளக், ஆக நான்கு காயில்கள். ரோட்டரி இன்ஜினில் மையத் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு முறை பற்றவைப்பு நடக்கிறது. எனவே அதே சுற்று வேகத்தில் ஆர்.எக்ஸ்-8 காயில், எஸ்2000 காயிலைவிட இரு மடங்கு பொறிகளைத் தர வேண்டும். 9,000 சுற்றில் நொடிக்கு 150. அந்தக் கார்களின் காயில்கள் ஏன் சீக்கிரம் சோர்கின்றன என்று புலம்புவோருக்கு இந்த எண்ணே பதில். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் இருப்பதால், பின்னோடிக் காயில் செத்தாலும் முன்னோடி பற்றவைத்துவிடும். கார் ஓடும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் நான்கு காயில்களின் விலை சில்லறை.

காயில்தானா என்று உறுதிசெய்தல்

திணறலுக்குக் காயில் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிளக், எரிபொருள் இன்ஜெக்டர், எங்கோ கசியும் காற்றுக் குழாய், கம்ப்ரஷன் குறைவு ஆகிய எதுவும் இதே அறிகுறியைத் தரும். கருவி பொருத்தி இன்ஜின் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கக்கூடிய கார் என்றால் பி0301, பி0302 என்பது போன்ற குறியீடு எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்று சொல்லும். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பரவலாகத் தவறுகிறது. ஆனால் குறியீடு சிலிண்டரைத்தான் காட்டுகிறது, குற்றவாளியை அல்ல. தவறும் சிலிண்டரின் காயிலை, நன்றாக ஓடும் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடும் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் பழுது காயிலில்தான். மாறாமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில் வாங்குவோர்தான் அதிகம்.

மல்ட்டிமீட்டரில் மின்தடையை (ஓம்) அளந்து காயிலைத் தீர்ப்பளிக்கச் சொல்லும் அறிவுரையைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் அறுந்துபோயிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் சூட்டிலும் உயர் வோல்ட்டிலும் மட்டுமே கசியும் விரிசலை, குளிர்ந்த காயிலில் மீட்டரின் சிறிய பாட்டரி கண்டுபிடிக்காது. இக்னைட்டர் உள்ளேயே அமைந்த காயில்களில் முதன்மைச் சுருளை அப்படி அளக்கவும் முடியாது.

செய்யக்கூடாத ஒன்று: இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் கேபிளையோ கையால் பிடுங்கிப் பார்ப்பது. பழைய பட்டறைப் பழக்கம் இது. கைக்கு அதிர்ச்சி ஒரு புறம் இருக்க, பாய வழியில்லாத உயர் வோல்ட் காயிலின் காப்பையே குத்திக் கிழிக்கும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பகுதிக்கு அருகே குனியவே வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால், கன்வெர்ட்டர் பாழாகும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருக்கிறது என்பது பொருள். அந்த நிலையில் சோதனை ஓட்டமும் வேண்டாம்.

எதை வாங்குவது, எத்தனை வாங்குவது

கார் நிறுவனத்தின் அசல் பொருள், அல்லது அந்த நிறுவனத்துக்கே தயாரித்துக் கொடுக்கும் டென்சோ, ஹிட்டாச்சி, போஷ் போன்றவற்றின் பொருள் போதும். இணைய அங்காடிகளில் கால் பங்கு விலைக்கு அதே பெட்டியில் வருவதை நான் நம்புவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹாஃப்-கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பாதிக் கார்களின் காயில் மலிவாகக் கிடைக்கும். அது அசல்தான், ஆனால் உங்கள் காயிலின் வயதுதான் அதற்கும். அவசரத்துக்குச் சரி.

சிலிண்டருக்கு ஒன்று என்று அமைந்த கார்களில், பழுதான ஒன்றை மட்டும் மாற்றி, பிளக்குகளை மொத்தமாக மாற்றினால் போதுமானது. ஆர்.எக்ஸ்-8 காரில் நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, ஏனெனில் அங்கே சோர்ந்த காயில் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாமலேயே கெடுதல் செய்கிறது.

மாற்றும் வேலை

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களில் பழுதுபார்க்கும் வேலைக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. தாமான் வீட்டு முன்றில்தான் ஏற்ற இடம். இன்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். இதைக் கைசுடாமல் இருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை: அலுமினியத் தலைப்பகுதியிலிருந்து சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்து வந்துவிடக்கூடும். அதைச் சரிசெய்வது காயில் வேலையைவிடப் பல மடங்கு பெரிய வேலை. பாட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வானொலிக்குக் கடவுக்குறியீடு உண்டென்றால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்மூடியை எடுத்தவுடன் காயில்களைச் சுற்றியுள்ள தூசியையும் காய்ந்த இலைத் துணுக்குகளையும் காற்றடித்து நீக்குங்கள். பிளக் வெளியே வந்தபின் அந்தக் குழிக்குள் விழும் எதுவும் நேரே சிலிண்டருக்குள் போகும். அடுத்தது மின்இணைப்பான். பதினைந்து, இருபது ஆண்டுச் சூட்டில் அதன் பிளாஸ்டிக் பூட்டு அப்பளமாகியிருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பூட்டை மெதுவாக அழுத்தி, இணைப்பானின் உடலைப் பிடித்தே பின்னுக்கு நகர்த்த வேண்டும். இந்த வேலையில் உடையும் பொருள் ஒன்று உண்டென்றால் பெரும்பாலும் இதுதான். பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றியபின் காயிலை நேராக இழுக்காதீர்கள். ரப்பர்க் குழல் பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடமும் வலமுமாகச் சிறிது திருகி விடுவித்தபின் மேலே எடுத்தால் குழல் கிழியாது.

வெளியே வந்த காயிலைப் படிப்பதற்குச் சற்று நேரம் கொடுங்கள். ரப்பரில் எண்ணெய் நனைந்திருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதைத் தீர்க்காமல் புதுக் காயிலை இறக்குவதில் பயனில்லை. பிளக்கின் வெண்பீங்கானில் பென்சில் கோடு போன்ற கருங்கோடு நீளவாட்டில் ஓடினால், பொறி இடைவெளியை விட்டுவிட்டு அந்த வழியே கீழிறங்கியிருக்கிறது என்று அறியலாம். அப்படிப்பட்ட பிளக்கையும் ரப்பரையும் சேர்த்தே எறிந்துவிட வேண்டும்.

புதுப் பிளக்கை முதலில் கையால் மட்டுமே திருகி இறக்குங்கள். மரை தடையின்றி அமர்வதை விரல்கள் உணர வேண்டும். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் அவசியம். 14 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர், சரியான அளவைக் காரின் கையேட்டில் பாருங்கள். மரையில் ஆன்டி-சீஸ் பசை பூசினால் அதே அளவுக்கு இறுக்கும்போதே பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பதால், மேற்பூச்சு உள்ள இக்காலப் பிளக்குகளுக்கு அதைத் தவிர்க்கலாம். ரப்பர்க் குழலின் வாயின் உட்புறத்தில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரத்தைக் கடத்தாத சிலிக்கான் பசை, மெலிதாகப் பூசினால் ஈரம் புகாது, அடுத்த முறை எளிதாகக் கழலும். காயிலின் போல்ட்டை லேசாக இறுக்கினால் போதும். அது காயிலைப் பிடித்துவைப்பதற்கு மட்டுமே.

ஒரு காயிலை முழுவதுமாக முடித்தபின்பே அடுத்ததைத் தொடுங்கள். எம்.எக்ஸ்-5, ஆர்.எக்ஸ்-8 போல கேபிள் வழியே பிளக்கை எட்டும் கார்களில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் கேபிள் இடம் மாறினால் பொறி தவறான நேரத்தில் தவறான இடத்தில் அடிக்கும். ஆர்.எக்ஸ்-8 காரில் முன்னோடிப் பிளக்கும் பின்னோடிப் பிளக்கும் வெவ்வேறானவை. அவற்றையும் மாற்றி மாட்டிவிடக் கூடாது. போர்ஷே பாக்ஸ்டரில் இன்ஜின் படுக்கை வாட்டத்தில் இருப்பதால் ஆறு காயில்களையும் காரின் கீழிருந்தே எட்ட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் இல்லையென்றால் அந்தக் காரைப் பட்டறைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பாட்டரியைக் கழற்றியதால் கணினி தான் கற்றுவைத்திருந்த சில அளவுகளை மறந்திருக்கும். முதலில் ஐட்லிங் சற்று ஏறி இறங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. ஆர்.எக்ஸ்-8 வைத்திருப்போர் மட்டும் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று தட்டிவிட்டு உடனே அணைத்துவிடக் கூடாது. குளிர்ந்த ரோட்டரி இன்ஜினை அப்படி அணைத்தால் பெட்ரோல் தேங்கிப் பிளக்கை நனைத்துவிடும். மறுமுறை ஸ்டார்ட் ஆகாது, பழி புதுக் காயில் மேல் விழும். முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட விடுங்கள்.

முன்றிலில் நின்றபடி இன்ஜின் சீராக உறுமுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏனெனில் சுமையில்லாத இன்ஜின் காயிலிடம் அதிகமாக எதையும் கேட்பதில்லை. பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, கார் நன்கு சூடானபின், நீண்ட மேடு ஒன்றில் உயர்ந்த கியரில் சட்ட வேகத்துக்குள் ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்திப் பாருங்கள். உதறல் இல்லை, குறியீடும் திரும்பவில்லை என்றால் வேலை முடிந்தது. அதே சிலிண்டரில் மறுபடியும் மிஸ்ஃபயர் வந்தால் இன்னொரு காயில் வாங்காதீர்கள். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லிப் போர்மனிடம் விட்டுவிடுங்கள்.